விட்டுப்போன பாதிச் சால்

குச்சியால் ஒரு குத்து, குழிக்குள் ஒரு விதை, கால் பெருவிரலால் மண்ணை ஒரு தள்ளு, ஒரு பாதம் வைத்து, அதற்குமேல் ரெண்டு விரல் விட்டு, மறுபடியும் ஒரு குத்து. அந்த ரெண்டு விரலைத்தான் மறந்துவிடக் கூடாது. உன் பாதம் சிறுசு புள்ள, பாதத்துக்குப் பாதம் ஊனினா நெருக்கமா மொளைச்சு கதிர் பிடிக்காம வெறும் தட்டையாத்தான் நிக்கும் என்று பொழுது சாயும்போது ரெங்கராசு சொன்னான். சொன்னதோடு விட்டானா, எல்லார் எதிரிலும் குனிந்து அவள் காலுக்குப் பக்கத்தில் தன் ரெண்டு விரலை வைத்து அளந்தும் காட்டினான். பக்கத்து வீட்டுத் தனக்கோடியக்கா பார்த்துக்கொண்டிருந்தாள், அவனைப் பெற்ற அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள், செல்லக்கிளிக்குக் காலை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று தெரியவில்லை. கட்டின புருசன்தான், இருந்தாலும் அத்தை எதிரிலா. இப்போது நினைத்தாலும் அந்த இடத்தில் குறுகுறுக்கிறது. குறுகுறுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றால் ஆகாது, ஓடைப்பக்கம் மிச்சம் கிடந்த இருபத்திரண்டு உழவுச் சாலில் பத்துதான் முடிந்திருக்கிறது, பச்சைமலைப் பக்கம் வானம் சத்தமில்லாமல் கண்ணைக் கண்ணைச் சிமிட்டுகிறது. இந்தக் கரிசல் மண் லேசுப்பட்டதில்லை. காய்ந்து கிடக்கும்போது புழுதியாய்ப் பறக்கும், ஒரு மழை விழுந்துவிட்டால் காலைப் பிடித்துக்கொண்டு விடாது, பத்து நாளைக்கு ஆளையும் உள்ளே சேர்க்காது மாட்டையும் சேர்க்காது. அதனால் மழைக்கு முன்னாலேயே புழுதியில் மக்காச்சோளத்தை ஊன்றிவிட வேண்டும், பிறகு மழை பாடு விதை பாடு. நாளைக் காலையில் மழை என்று சொன்ன போன், சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் இன்றைக்கு ராத்திரியே என்கிறது. ஊரே ஒரே வாரத்தில் ஊன்றும்போது ஆளுக்கு எங்கே போவது, பகலில் வந்த ஆறு பேரும் பொழுதோடு கரையேறிவிட்டார்கள். பாகம் பிரிந்து வந்தபிறகு அவர்கள் தனியாகப் போடுகிற முதல் வெள்ளாமை இது. இருக்கிற ஒரு ஏக்கரில் ஓடைப்பக்கத்து மண்தான் நல்ல மண். அது வெறுமனே கிடந்தால், ரெங்கராசுவின் அண்ணன் ரோட்டில் வண்டியை நிறுத்தி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். அந்தப் பார்வையை நினைத்தால்தான் செல்லக்கிளிக்குக் கை இன்னும் வேகமாக ஓடுகிறது.

ஆனால் இருட்டு நன்றாக இருக்கிறது. இதை யாரிடமும் சொல்ல முடியாது, மழை தலைக்குமேல் நிற்கும்போது சந்தோசமாக இருக்கிறது என்று சொன்னால் புத்தி பிசகிவிட்டது என்பார்கள். அந்தச் சாலில் ரெங்கராசு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு போகிறான், இந்தச் சாலில் தனக்கோடியக்கா கழுத்தில் டார்ச்சைத் தொங்கவிட்டுக்கொண்டு போகிறாள், நடுவில் இவளிடம் வெளிச்சமே இல்லை. இருந்தது ரெண்டு லைட்டுதான், எனக்கு வேண்டாம் என்று இவளே சொல்லிவிட்டாள், சொன்னதுகூட இல்லை, தலையை ஆட்டினாள். பகலில் ஆறு பெண்களோடு குனிந்து போகும்போது முதுகெல்லாம் கண் மொய்க்கிற மாதிரி இருந்தது. மாராப்பு நனைந்திருக்கிறதோ, புடவை தூக்கியிருக்கிறதோ, நம்ம சால் கோணிப்போகிறதோ, பின்னால் சிரிக்கிறார்களே அது நம்மைப் பார்த்தா என்று ஒவ்வொரு குழிக்கும் ஒரு பயம். இப்போது யார் பார்க்கப்போகிறார்கள். புடவையை முழங்காலுக்குமேல் தூக்கிச் செருகியிருக்கிறாள். மண் இன்னும் பகல் சூட்டை வைத்துக்கொண்டிருக்கிறது, உள்ளங்காலுக்கு அடியில் வெதுவெதுவென்று, ஒரு பெரிய மாட்டின் முதுகில் நடக்கிற மாதிரி. வயிற்றில் பிள்ளையோடு கடைசி மாசங்கள், பெற்றபிறகு அஞ்சு மாசம், வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு மரத்துப்போயிருந்தது. இன்றைக்கு அந்த இடுப்பு வலிக்கிறது, நல்ல வலி, தன்னுடைய வலி. பேருதான் கிளி, கல்யாணமாகி ரெண்டு வருசமாச்சு, இது வாயைத் திறந்து பார்த்தவங்க யாரு என்று தனக்கோடியக்கா போகிற வருகிற இடமெல்லாம் சொல்கிறாள். அஞ்சாங்கிளாஸோடு நின்ற பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். எட்டேழு என்னடா என்று டீச்சர் கேட்டார்கள், இவளுக்குத் தெரியும், அம்பத்தாறு, நாக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது. முன்பெஞ்சில் இருந்தவள் எழுந்து அம்பத்திநாலு என்றாள், எல்லாரும் வரிசையாக அம்பத்திநாலு என்றார்கள், இவள் முறை வந்தபோது இவளும் அம்பத்திநாலு என்றாள். எதற்குச் சொன்னாள். அத்தனை பேரும் ஒன்றைச் சொல்லும்போது தான் மட்டும் வேறொன்று சொன்னால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், அதற்குத்தான். திரும்பிப் பார்த்தால் என்ன, தின்றுவிடுவார்களா. அம்பத்தாறு. இருட்டில் சத்தமாகவே சொல்லிப் பார்த்தாள். ஒரு பாதம், ரெண்டு விரல், அம்பத்தாறு. என்னா புள்ள என்று அந்தச் சாலிலிருந்து ரெங்கராசு கேட்டான். ஒண்ணுமில்ல மாமா என்றாள். சிரிப்பு வந்தது.

பிள்ளை அழுவதற்கு முன்னாலேயே மார்பு அழுதது. சுருக்கென்று ஒரு இழுப்பு, ரவிக்கை ஈரமானது, அதற்குப் பிறகுதான் கரையிலிருந்து அந்தக் குரல். வேப்பமரத்தில் தூளி கட்டி, அத்தை அதன்கீழே சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கிறாள். கிளி வாம்மா, இவ என்னைத் தின்னுருவா போலருக்கு என்று அத்தை கூப்பிட்டாள். பதினாலாவது சாலில் பாதி வந்திருந்தாள். போகிறபோது குச்சியை நட்டுவிட்டுப் போ என்று மனசு சொன்னது. சால் நடுவில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் ஊன்றுகுச்சியை நிறுத்தின இடத்தில் நட்டுவிட்டுத்தான் போவார்கள், திரும்பி வந்தால் அதுதான் அடையாளம், மண் மூடின விதையை யார் கண்டது. சரி சரி என்று ஓடினாள். ஓடும்போதே கையைப் பற்றின பயம் பிடித்துக்கொண்டது. விதைக்கு மருந்து போட்டிருக்கிறார்கள், ரோஸ் கலர், விரலெல்லாம் மருதாணி வைத்தவள் மாதிரி ஏறியிருக்கும். குடத்துத் தண்ணீரை அத்தை சாய்க்க, சோப்புப் போட்டுக் கழுவினாள், மறுபடியும் போட்டாள், நக இடுக்கு, விரல் இடுக்கு, மணிக்கட்டு, போதும்டி தோலை உரிச்சுறாத என்றாள் அத்தை. முகர்ந்து பார்த்தாள், சோப்பு வாசனைதான். அடியில் வேறொரு வாசனை இருக்கிறதோ. இன்னொரு தடவை கழுவினாள். அத்தை செல் வெளிச்சத்தை அவள் கையில் அடித்துக் காட்டி, சாயம்தான் நிக்கிது, மருந்து போயிருச்சு, எம்புள்ளைகளுக்கு நான் என்னத்தக் கழுவுனேன் என்றாள். விரலை மடக்கிப் பிள்ளை மேல் படாமல் மணிக்கட்டால் தாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். வாய் வைத்ததும் உலகம் நின்றது. அந்த இழுவை காலடி வரைக்கும் இறங்குகிறது. தலையில் கன்னத்தை வைத்தாள். உச்சிக்குழி மெத்தென்று, உள்ளே ஒரு சின்னக் குருவி உட்கார்ந்து மூச்சு விடுகிற மாதிரி தூக்கித் தூக்கிக் கொடுத்தது. மற்ற இடமெல்லாம் கெட்டியாக இருக்க அந்த ஒரு இடம் மட்டும் மூடாமல் கிடக்கிறது, எவ்வளவு நம்பிக்கையாகக் கிடக்கிறது, தொட்டால் பயமாக இருக்கிறது, தொடாமலும் இருக்க முடியவில்லை. பிரசவ வார்டில் கத்தும்மா கத்தினா லேசா இருக்கும் என்று நர்ஸ் சொன்னார்கள், இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமலேயே பெற்றாள், பக்கத்துக் கட்டில்காரி பிள்ளை பிறந்துட்டுதா என்று கேட்டாள். மலைப்பக்கம் முதன்முதலாக உறுமல் கேட்டது. இன்னைக்கு விடாது, என்னை அப்புறம் கொஞ்சலாம், போ, என்று பிள்ளை சொல்லவில்லை, அத்தைதான் பிள்ளை மாதிரி குரலை மாற்றிச் சொன்னாள். குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

திரும்பி வந்து சால் தலையில் குனிந்ததும் கைக்கு வேலை தானாக வந்தது. குத்து, விதை, தள்ளு. மார்பு இறங்கி லேசாக இருந்தது, உடம்பே லேசாக இருந்தது. ரெங்கராசு அடுத்த சாலில் போகிறான், அவனுக்கு அடுத்ததில் தனக்கோடியக்கா, அவள் ஒரு கதையை எடுத்துவிட்டிருந்தாள், அவள் புருசன் பொண்ணு பார்க்க வந்த அன்றைக்கு வேட்டி முள்வேலியில் மாட்டிக்கொண்டு கிழிந்ததும், அதை மறைக்க அவன் சுவரில் முதுகைச் சாய்த்தே நின்றதும், பொண்ணு வீட்டில் மாப்பிள்ளைக்கு இடுப்பில் கோளாறோ என்று சந்தேகப்பட்டதும். இந்தக் கதையைச் செல்லக்கிளி நாலு தடவை கேட்டிருக்கிறாள். அஞ்சாவது தடவைக்கும் சிரிப்பு வந்தது. இருட்டில் சிரித்தால் பல்லை மறைக்க வேண்டியதில்லை. காற்று திரும்பியது. அதுவரைக்கும் புழுதி வாசனையோடு வந்த காற்றில் எங்கேயோ நனைந்த மண்ணின் வாசனை வந்து சேர்ந்தது, யார் காட்டிலோ பெய்கிறது, அவர்கள் ஊன்றிவிட்டார்களா. வேகம், வேகம். பதினேழு, பதினெட்டு. கையும் காலும் யாரையும் கேட்காமல் போய்க்கொண்டிருந்தன. இந்தக் குழிகளில் ஒவ்வொன்றிலும் ஒன்று கண்ணைத் திறக்கும், ஏழாம் நாள் பார்த்தால் பச்சை ஊசி குத்தி வைத்த மாதிரி வரிசையாக நிற்கும், தட்டையாகும், ஆள் உயரம் வளரும், உள்ளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் யாருக்கும் தெரியாது, இலைச் சோகை உரசும், கதிருக்கு மயிர் முளைக்கும், பிள்ளை அதைப் பிடித்து இழுக்கும். இருபது. இருபத்தொன்று. என்ன பாட்டு இது, தான் முனகிக்கொண்டிருக்கிறோம் என்பதே பாதியில்தான் தெரிந்தது. நிறுத்தவில்லை.

கடைசிச் சாலின் கடைசிக் குழியைத் தனக்கோடியக்கா மூடினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, மழைக்காரி தோத்தா, பொட்டச்சிங்க ஜெயிச்சோம், கூட ஒரு ஆம்பளையும் வந்தான் என்றாள். ரெங்கராசு சிரித்தபடி மூன்று பேர் மடியிலும் மிஞ்சின விதையை ஒரே பையில் கொட்டச் சொல்லி, அதைக் கையில் எடுத்துப் பார்த்தான். சிரிப்பு நின்றது. அளந்துதான் எடுத்து வந்தான், நல்ல ஒரு பிடி மிஞ்ச வேண்டும், பாதிதான் இருக்கிறது என்றான். எங்கியாச்சும் ரெண்டு ரெண்டா விழுந்திருக்கும்டா, இருட்டுல எண்ணியா போட்டோம், கெளம்பு கெளம்பு என்று தனக்கோடியக்கா கரைக்கு நடந்தாள். அதுவும் சரிதான் என்று அவனும் நடந்தான். செல்லக்கிளி நடக்கவில்லை. குச்சியைப் பிடுங்கினாள், அது நிச்சயம். பிடுங்கும்போது மண் கொடுத்த இழுப்பு உள்ளங்கையில் இருக்கிறது. எங்கிருந்து பிடுங்கினாள். சால் நடுவிலிருந்தா. ஓடும்போது கையில் என்ன இருந்தது. கையைக் கழுவினாள், அத்தை தண்ணீர் சாய்த்தாள், சோப்பு, நக இடுக்கு, அதற்கு முன்னால், அதற்கு முன்னால் என்ன செய்தாள், கையில் இருந்ததை எங்கே வைத்தாள். தூளிக்குப் பக்கத்தில் வேருக்கு அருகில் மண்ணில் குத்தி வைத்தாள். பிள்ளையை வாங்கக் கை வேண்டுமே, அதனால் குத்தி வைத்தாள். பிடுங்கினதும் அங்கிருந்துதான். அப்படியென்றால் சாலுக்கு அடையாளமே இல்லை. திரும்பி வந்து எதில் குனிந்தாள். பால் கொடுத்து வருவதற்குள் தன் பாதியை யாராவது முடித்திருப்பார்கள், ரெங்கராசுவுக்கு இந்தப் பக்கம் கிடப்பது புதுச் சால் என்று நினைத்துத் தலையிலிருந்து ஆரம்பித்தாள், ஆனால் அவன் அதற்குள் ஒரு சால் முடித்து அடுத்ததற்குத் தாண்டியிருந்தால். இல்லை, இருக்காது. ரெண்டு ரெண்டாக விழுந்திருக்கும், அக்கா சொன்ன மாதிரி. கிளம்பிவிடலாம். பாதிப் பிடி விதை எங்கே போனது.

கால் தானாக உள்ளே நடந்தது. செருப்பில்லாத கால். கடைசிச் சாலிலிருந்து திரும்ப எண்ணி எட்டைத் தள்ளி, பதினாலு இதுவாகத்தான் இருக்கும், இதில் இறங்கினாள். கலப்பை போன தடத்தில் அடிமண் கெட்டியாக இருக்கும், குச்சி குத்தி மூடின இடம் மட்டும் மெத்தென்று அழுந்தும். கண்ணை மூடிக்கொண்டாள், இந்த இருட்டில் மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான், ஆனாலும் மூடிக்கொண்டால் கால் நன்றாகப் பார்க்கிறது. மெத்தென்று ஒன்று. ஒரு பாதம், ரெண்டு விரல், மெத்தென்று இன்னொன்று. அம்மாடி. மெத்து, மெத்து, ஒவ்வொன்றும் உச்சிக்குழி மாதிரி, எத்தனை பிள்ளைகள் தலையைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்கள், கூசிக்கொண்டு பக்கவாட்டில் மிதித்தாள். இருக்கிறது, இருக்கிறது, வீண் பயம். பாதிச் சால் வந்தது. கெட்டி. ஒரு பாதம், கெட்டி. தவறி வைத்துவிட்டேனோ, விரலால் துழாவினாள், கெட்டி, கட்டி, கெட்டி. கடைசி வரைக்கும் யாரும் கை வைக்காத மண். பக்கத்துச் சாலில் இறங்கினாள், ரெங்கராசுவின் பாத அளவுக்கு ஒரு மெத்து இருந்தது, அதை ஒட்டி, தன் பாதமும் ரெண்டு விரலுமாக இன்னொரு மெத்து. அவன் ஊன்றின சாலிலேயே தலையிலிருந்து கடைசி வரைக்கும் மறுபடியும் ஊன்றியிருக்கிறாள், பாட்டு வேறு பாடிக்கொண்டு. முகம் சுட்டது. கரையில் அவர்கள் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார்கள், வண்டிச் சாவி சத்தம் கேட்டது. பேசாமல் போய்விடலாம். ஏழு நாளைக்கு ஒருவருக்கும் தெரியாது. ஏழாம் நாள் நல்ல மண்ணின் நடுவில் ஒரு பாதிச் சால் வழித்துவிட்ட மாதிரி தெரியும், எலி தின்றிருக்கும் என்பார்கள், எறும்பு என்பார்கள், எல்லாரும் அதையே சொல்வார்கள், இவளும் அதையே சொல்லலாம். அம்பத்திநாலு. பிள்ளை பெத்தவளைக் காட்டுக்குக் கூட்டிட்டு வந்தா இப்படித்தான் என்று அத்தை சொல்வாள். சொல்லட்டும். தட்டை வளர்ந்து ஆள் உயரம் நிற்கும்போதும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடக்கும்போதும், அந்த இடத்தில் வானம் தெரியும். இவள் கண்ணுக்கு மட்டும் தெரியும். வாயைத் திறந்தாள், காற்று வந்து வாய்க்குள் போனது. மறுபடியும் திறந்தாள்.

"மாமா, போவாதீங்க. பதினாலாஞ் சால்ல பாதி விட்டுப்போச்சு. நான்தான் விட்டேன்."

அது அவ்வளவு சத்தமாக இருக்கும் என்று அவளே நினைக்கவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆட்காட்டிக் குருவி பதறிப் பறந்தது. நெற்றி லைட்டு திரும்பி அவள் முகத்தில் அடித்தது, டார்ச்சும் அடித்தது, அத்தையின் செல் வெளிச்சமும் சேர்ந்துகொண்டது, மூன்று வெளிச்சத்துக்கு நடுவில் முழங்காலுக்குமேல் புடவையோடு நின்றாள். பக்கத்துச் சால் முழுசும் மாமா ஊனினதுக்கு மேலயே நானும் ஊனிட்டேன், கால வச்சுப் பார்த்தேன், பாதிப் பிடி அங்கதான் போயிருக்கு, இந்தப் பாதிப் பிடி இதுக்குச் சரியா வரும் என்று ஒரே மூச்சில் முடித்தாள். முதலில் சிரித்தது தனக்கோடியக்காதான், ரெங்கராசு, அந்தச் சால்ல உனக்கு ரெட்டைப் புள்ளடா என்றாள். அத்தை பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சாலுக்குள் இறங்கியே வந்துவிட்டாள்.

"நீ பாதியத்தான விட்ட. வாக்கப்பட்டு வந்த வருசம் நான் நாலு சால் விட்டேன். எங்க மாமியாகிட்ட காக்கா தின்னுருச்சுன்னேன்."

இதை ரெங்கராசுவே கேட்டதில்லை போலிருக்கிறது, திரும்பி அம்மாவைப் பார்த்தான். ராத்திரியில எந்தக் காக்கா என்றான். நாங்க பகல்லதான்டா ஊனினோம், பேச்சக் கொறச்சுக் கையை நீட்டு என்றாள் அத்தை. பாதிப் பிடி விதையை மூன்றாகப் பிரித்தார்கள். ரெங்கராசு அந்தக் கோடியிலிருந்து இவளை நோக்கி வந்தான், தனக்கோடியக்கா நடுவில் இறங்கினாள், அத்தை பிள்ளையோடு கூடவே நகர்ந்து வெளிச்சம் பிடித்தாள். முதல் சொட்டு செல்லக்கிளியின் முதுகில் விழுந்தது, ஒரு ரூபாய் அகலம், ஐஸ் மாதிரி. குத்து, விதை, தள்ளு. ரெண்டாவது சொட்டு புழுதியில் விழுந்து பொத்தென்று ஒரு குழி பறித்தது. குத்து, விதை. சொட்டுகள் தூரம் தூரமாக, யோசித்து யோசித்து விழுந்தன, பிறகு யோசிக்காமல் விழுந்தன. சால் அடியில் ரெங்கராசுவின் கை தெரிந்தது, இவள் குச்சிக்கு நேர் எதிரே அவன் குச்சி. நடுவில் ஒரு பாதம் இடம் இருந்தது, ஒரு குழிக்குத்தான் இடம். அவன் குச்சியை எடுத்துக்கொண்டான். அவள் குத்தினாள், போட்டாள், பெருவிரலால் தள்ளினாள். மண் விரலில் ஒட்டியது.

பிறகு ஓட்டம்தான். ஒவ்வொரு அடிக்கும் கால் கனத்துக்கொண்டே போனது, உள்ளங்காலோடு காட்டையே பெயர்த்துக்கொண்டு வருகிற மாதிரி, தனக்கோடியக்கா ஒரு காலை உதறி இன்னொரு காலில் வாங்கிக்கொண்டு சிரிக்க, அத்தை வழுக்க, பிள்ளையை இவள் பிடுங்கிக்கொள்ள, ரெங்கராசு அத்தையைப் பிடித்துக்கொள்ள, கரையேறித் தார்ப்பாயை விரித்துத் தலைக்குமேல் பிடித்தபோது மழை முழுசாக இறங்கிவிட்டது. வெளிச்சத்தை அடித்தால் பத்தடிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையாக ஒரு சுவர். இனி பத்து நாளைக்கு உள்ளே யாரும் கால் வைக்க முடியாது, ரெங்கராசுவாலும் முடியாது, அவன் அண்ணனாலும் முடியாது. நல்லது, யாரும் போய்த் தொந்தரவு செய்ய வேண்டாம். இருபத்திரண்டு சாலும் உள்ளே இருக்கிறது. தார்ப்பாய் ஓட்டையில் ஒரு சொட்டு நுழைந்து பிள்ளையின் நெற்றியில் விழுந்தது. பிள்ளை அழவில்லை. கண்ணை அகல விரித்து, என்ன இது, யார் போட்டது என்கிற மாதிரி மேலே பார்த்தது. அட, இதற்குமுன் இவள்மேல் மழை பட்டதே இல்லையே என்று செல்லக்கிளிக்கு அப்போதுதான் உறைத்தது. ஓட்டைக்கு நேராகப் பிள்ளையை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். சளிப் பிடிக்கும்டி என்றாள் அத்தை. பிடிக்காது அத்தை, ஒரு சொட்டுதான், இன்னும் ஒண்ணு விழட்டும் என்றாள் செல்லக்கிளி.